ஈட்டியின் துளையும் நைலான் நூலும்

மூச்சையடக்கிக் கடலில் மூழ்கி, ஈட்டி எய்து மீன் பிடிக்கும் வழக்கம் மத்தியதரைக் கடற்கரைகளில் இன்றும் உண்டு. பிரான்சின் தென்கரையில் இதைப் பழகிய கய் கில்பாட்ரிக் என்னும் அமெரிக்க எழுத்தாளர், இக்கலையைப் பற்றி 1938-இல் ஒரு நூலே வெளியிட்டார்.

இதற்குரிய துப்பாக்கியில் மருந்து இல்லை. இழுத்து மாட்டிய இரப்பர்ப் பட்டையே ஈட்டியை எறிகிறது. ஈட்டி என்பது 6 அல்லது 7 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கம்பி. அதன் வாற்பக்கத்துச் சிறு துளையில் நைலான் நூல் கோத்திருக்கும். நூல் அறுந்தால் ஈட்டி போயிற்று. குத்துண்ட மீனும் எவருக்கும் பயன்படாமல் எங்கோ சென்று மடியும்.

நூல் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. முடிச்சிலோ, இத்துளையின் விளிம்பிலோதான் அறுகிறது. மும்பையிலும் ஜாம்ஷெட்பூரிலும் பட்டறைத் தொழில் பார்க்கும் நேயர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. துளையிடும் கருவி வெளியேறும் வாயில் பிசிறு எழும். பிசிறு நீங்கினாலும் விளிம்பு கத்திபோல் நிற்கும். எய்த ஈட்டி நூலின் எல்லையை எட்டியதும் வெடுக்கென நிற்கிறது. பின்பு மீன் துள்ளித் திமிறுகிறது. ஒவ்வோர் இழுப்பும் நூலின் அதே இடத்தை அதே விளிம்பில் தேய்க்கிறது. நம் ஊர்க் கிணறுகளில் கயிறு கல்லை அறுத்த தடத்தைக் கண்டிருப்பீர்கள். இங்கே வலியது மெலியதை அறுக்கிறது, விரைவாகவே. கூர்மையான மடிப்பில் நூலின் வலுவும் குறைந்துவிடும்.

பரிகாரம் எளியது. துளையின் இரு வாய்களையும் ஊசி அரத்தால் சற்றே சரித்து வளைவாக்க வேண்டும். பின்னர் நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைச் சுருட்டி உட்செலுத்தி, 400, 800, 1200 என மேன்மேலும் நுண்ணியதாகத் தேய்க்கலாம். இறுதியில், பித்தளைக்கு மெருகிடும் பசையைப் பருத்தி நூலில் தடவித் துளைக்குள் முன்னும் பின்னும் இழுத்தால் பளபளப்பு வந்துவிடும். உலர்ந்த பஞ்சுத் திரியை நுழைத்துப் பாருங்கள். ஓர் இழைகூடச் சிக்கலாகாது.

அவசரப்பட்டு மின்சாரச் சாணையில் பிடிப்பது தவறு. எஃகு சூடேறிப் பதம் கெடும். துளையைப் பெரிதாக்கினால் வாற்பகுதி பலவீனமாகும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: விசை பற்றும் வெட்டினை மழுக்கவே கூடாது. அங்கே கூர்மைதான் காவல். அது வழுக்கினால் ஈட்டி தானே பாயும், எதிரில் இருப்பது தோழனாகவும் இருக்கலாம்.

துத்தநாகம் பூசிய கம்பியானால், தேய்த்த இடத்தில் பூச்சு போய்த் துரு ஏறும். துருவும் ஓர் அரமே. கரையேறியதும் நன்னீரில் கழுவி, எண்ணெய் தடவி வைப்பது நலம்.