ஏன் இந்தக் கட்டடம் இவ்வளவு சாம்பலா இருக்கு?

ஒஸ்லோ நகரமண்டபத்துக்குப் பக்கத்தில் நிற்கும் தேசிய அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், அநேகமாக இந்தக் கேள்விதான் முதலில் வரும். பெரியவர்களும் அதையேதான் கேட்டார்கள். 2022 ஜூன் 11ஆம் தேதி அது திறந்தபோது, "சிறைச்சாலை மாதிரி இருக்கு" என்று குறைப்பட்டவர்கள் பலர்.

கட்டடத்தின் அயலைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். குடாவின் அந்தப் பக்கம் 1300ஆம் ஆண்டளவில் எழுந்த அக்கெர்ஸ்ஹூஸ் கற்கோட்டை. முன்னால் பழைய மேற்கு ரயில் நிலையம். இப்போது அது நோபல் சமாதான நிலையம். இவ்வளவு வரலாற்றுக்கு நடுவில், 54,600 சதுர மீட்டர் பரப்புள்ள புதுக் கட்டடம் எப்படி நிற்க வேணும்? கிளைஹூஸ், ஷூவெர்க் என்ற கட்டடக் கலைஞர்கள் உயரத்தில் போட்டி போடவில்லை; அகலமாக, பதிவாகக் கட்டினார்கள். சுவருக்கு நோர்வேயின் ஒப்டால் பகுதிக் கல்லையே எடுத்தார்கள். பெயின்ட் அடிக்கத் தேவையில்லை. வயது போனாலும் வடிவு கெடாது.

மற்றப் பாதிப் பதில் உள்ளே இருக்கிறது. ஓவியங்களுக்கு வெப்பமும் ஈரப்பதனும் வருடம் முழுக்க ஒரே அளவில் இருக்க வேணும். வெளியே பனி கொட்டும் ஜனவரியிலும் சரி, வெயில் அடிக்கும் ஜூலையிலும் சரி. வீட்டு ஹீட்டர் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு, இதற்கு எவ்வளவு சக்தி போகும் என்று விளங்கும்.

அதற்குத்தான் கடலும் உதவுகிறது. ஆழத்துத் தண்ணீர் குளிர்காலத்தில் வெளிக்காற்றைவிடச் சூடு, கோடையில் குளிர்ச்சி. அந்த வித்தியாசத்தை ஹீட் பம்ப் மூலம் எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்கவும் குளிராக்கவும் பயன்படுத்துகிறார்கள். நம்மில் பலர் வீட்டுச் சுவரில் பூட்டியிருக்கும் ஹீட் பம்ப் காற்றிலிருந்து எடுப்பதை, இது கடலிலிருந்து எடுக்கிறது. தடித்த காப்புள்ள சுவரும் குறைந்த ஜன்னலும் எடுத்த சூட்டை வெளியே விடாமல் காக்கின்றன. ஜன்னல் குறைவு என்பதால்தான் வெளியே இருந்து பார்க்கிறவருக்கு "இருட்டுப் பெட்டி" போலத் தெரிகிறது. ஆனால் மேல்மாடியில் 2,400 சதுர மீட்டர் ஒளி மண்டபம் இருக்கிறது. இரவில் அது விளக்குப்போல மின்னும்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. வெளிநாடுகளில் நம் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் கோயில்களும் பழைய கட்டடங்களை வாங்கித் திருத்துகின்றன. கூட்டத்தில் முதலில் வருவது முகப்பும் நிறமும்தான். கூரையின் காப்பு, ஜன்னல் இடுக்கால் போகும் சூடு, முப்பது வருஷத்து மின்கட்டணம் எல்லாம் கடைசியில்தான் வரும், வந்தால். அந்தக் கட்டணத்தைக் கட்டப்போவது இப்போது அங்கே "அ, ஆ" படிக்கிற பிள்ளைகள்தான்.

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அருங்காட்சியகத்தில் அனுமதி இலவசம். மூங்கின் "அலறல்" ஓவியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், பிள்ளையை அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கோட்டையைக் காட்டி, "இது இரண்டில் எது இன்னும் 300 வருஷம் நிற்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.