மூழ்கிய நகரம் வருகிறது... நம் வளவுகள் போகின்றன!

வெள்ளம் புகுந்த ஓர் அமெரிக்க ஊர். தெருவில் படகு போகிறது. ஆளில்லாத வீட்டு மாடியில் மனித வடிவம் கலைந்த ஏதோ ஒன்று நகர்கிறது. 'தி சிங்கிங் சிட்டி 2' வீடியோ கேமின் முன்னோட்டம் இப்படித்தான் போகிறது. 2024-இல் அறிவித்தார்கள், 2025-இல் வந்திருக்க வேண்டும். உருவாக்கும் குழு உக்ரைன் நாட்டைச் சேர்ந்தது. போருக்கு நடுவே வேலை பார்க்க வேண்டியிருந்ததால் வெளியீடு 2026-க்குத் தள்ளிப்போனது. 'க்துலு: தி காஸ்மிக் அபிஸ்' என்ற இன்னொரு விளையாட்டு நம்மை ஆழ்கடலுக்கு அடியிலேயே இறக்கிவிடுகிறது.

இரண்டுக்கும் மூலம் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்ட். 'தி கால் ஆஃப் க்துலு' கதை அச்சேறியது 1928-இல். கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்தும் அந்தக் கதையில் வரும் கடலடி நகரத்துக்காக உலகம் காத்திருக்கிறது. 1992-இன் 'அலோன் இன் தி டார்க்', 2015-இன் 'பிளட்போர்ன்' என அவர் விதைத்த பயம் கேம் உலகில் விளைந்துகொண்டே இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. நல்ல கணினி இல்லாதவர்கள்கூட, வேறு யாரோ விளையாடுவதை யூடியூபில் பார்த்தே கதையைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள்.

லவ்கிராஃப்ட் பிறந்தது 1890-இல். அதே ஆண்டில், காரைக்குடியை ஒட்டிய அரியக்குடியில் ராமானுஜ ஐயங்கார் பிறந்தார். இன்றைய கர்நாடக இசைக் கச்சேரிக்கு வடிவம் தந்தவர் அவர். இன்றைய திகில் கதைக்கு வடிவம் தந்தவர் லவ்கிராஃப்ட். ஒருவருடைய ஊரைத் தேடி இப்போது உலகத்துப் பிள்ளைகள் திரை வழியே போகிறார்கள். மற்றவருடைய ஊரில், திரைக்குக் கொண்டுபோக வேண்டிய செல்வம் பூட்டிக் கிடக்கிறது.

கடல் கொண்ட ஊரின் பிள்ளைகள்

மூழ்கிய நகரம் என்றால் செட்டிநாட்டுக்கு அது வீட்டுக் கதை. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் நாங்கள் என்பது நகரத்தாரின் வழிவழி நம்பிக்கை. இன்றும் பெரிய வீடுகளுக்கு ஏறும்போது படிகளை எண்ணிப் பாருங்கள். தெருவைவிட இவ்வளவு உயரத்தில் தளம் போட்டது, கடல் புகுந்த நினைவு மறக்காததால்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

காவிரிப்பூம்பட்டினத்துக்குப் புகார், பூம்புகார் என்றும் பெயர். அந்தப் புகார் எப்படி அழிந்தது? மணிமேகலை சொல்லும் காரணத்தைக் கேட்டால் எந்தத் திகில் எழுத்தாளரும் எழுந்து நிற்பார். நாக நாட்டுப் பெண் பீலிவளையிடம் பிறந்த மகன் கடலில் தொலைந்துபோகிறான். மகனைத் தேடிய துயரில் சோழ மன்னன் இந்திர விழாவை மறக்கிறான். அந்த மறதிக்காகக் கடல் பொங்கி வந்து நகரத்தையே விழுங்குகிறது. ஒரு தகப்பனின் கண்ணீர் தெய்வத்தின் கணக்கில் சேரவேயில்லை. மனிதனின் துயரத்தைப் பொருட்படுத்தாத பிரபஞ்சம் என்று மேல்நாட்டில் இதைத்தான் ஒரு தனி இலக்கிய வகையாகக் கொண்டாடுகிறார்கள். நவீனத் தமிழிலும் இந்த இழை அறுந்துவிடவில்லை. கடல் கொண்ட நகரத்தை வைத்துப் புதுமைப்பித்தன் 'கபாடபுரம்' எழுதியிருக்கிறார்.

புகார் ஒரே நாளில் மூழ்கவில்லை, கரை மெல்ல அரிக்கப்பட்டது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. கதைக்கு அது தடையில்லை.

வீடே ஒரு கதை

களமோ இன்னும் வளமானது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டு, ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியேறும் வீடு. நடுவே வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு இணைக்கும், ஓர் அறை. பர்மா தேக்கில் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த பூச்சில் கண்ணாடிபோல் மின்னும் சுவர், காலடியில் ஆத்தங்குடிக் கல். முன்னோருக்குப் புடவையும் வேட்டியும் வைத்து வணங்கும் படைப்பு நடக்கும் வீடுகள் இவை. இறந்தவர்கள் இங்கே அந்நியர்கள் கிடையாது, உறவுக்காரர்கள். பயத்தையும் பாசத்தையும் ஒரே அறையில் வைக்கத் தெரிந்த இப்படிப்பட்ட களம் எந்த அமெரிக்கக் கதையிலும் கிடைக்காது.

இந்தக் களம்தான் கண்ணெதிரே கரைகிறது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அங்கே தொழில் செய்த நகரத்தாருக்கு வந்த பணம் நின்றது. பிறகு பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள்; பராமரிக்க ஒருமனப்படுவது குறைந்தது. விளைவு, தூண் தூணாக, கதவு கதவாக வீடுகள் பிரிக்கப்படுகின்றன. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிலைக்கதவும் பெல்ஜியம் கண்ணாடியும் விலைச்சீட்டோடு நிற்கின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் சுவரைத் தாங்காது.

சுவர் போகுமுன் அதைக் கணினியில் காக்க வழி உண்டு. போலந்துக்காரர்கள் செய்ததைப் பாருங்கள். 2014-இல் வந்த 'தி வேனிஷிங் ஆஃப் ஈதன் கார்ட்டர்' விளையாட்டில் கதை நடப்பது அமெரிக்காவில். ஆனால் அணையும் பாறையும் மரப்பட்டையும் அவர்கள் சொந்த மண். ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஏராளமான படங்கள் எடுக்கிறார்கள். படங்களில் பொதுவாக வரும் புள்ளிகளைக் கணினி இணைத்து, அந்தப் பொருளின் முப்பரிமாண உருவத்தைத் தருகிறது. கையில் உள்ள போனிலேயே தொடங்கக்கூடிய வேலை இது.

நம்மால் முடியுமா என்ற சந்தேகமும் வேண்டாம். புனேயில் உருவான 'ராஜி' 2020-இல் வெளிவந்து உலகம் சுற்றியது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023-இல் வந்த 'வெண்பா', அடுத்த ஆண்டே அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை வென்றது. இட்லித் தட்டுக்குக் கிடைத்த இடம் வளவுக்கும் கிடைக்கும்.

வீடியோ கேம் பிள்ளைகளின் நேரத்தைத் தின்கிறது என்ற பெற்றோரின் கவலையில் நியாயம் உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம், அவர்கள் கற்பனைக்கு உள்ளூர் வாசலே இல்லாமல் போவது. அமெரிக்க ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு, அரியக்குடியில் பூட்டிய வீட்டின் இரண்டாம் கட்டு எப்படி இருக்கும் என்று தெரியாது. அந்த வீடு பிரிக்கப்பட்டுவிட்டால் தெரிந்துகொள்ள வழியும் இருக்காது.

கல்விக்கு அள்ளிக் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் மண் இது. காரைக்குடியில் பொறியியல் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆர்வமுள்ள மாணவர்கள் இருக்கிறார்கள். வெளியூரில் இருக்கும் பங்காளிகளே, வீட்டை விற்பது உங்கள் உரிமை. விற்பதற்கு முன் ஒரு வாரம் மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். முகப்பு முதல் பின்கட்டு வரை படம் பிடிக்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைகளையும் ஒலிப்பதிவு செய்யட்டும். அடுத்த மூழ்கிய நகரத்தின் கதை பூம்புகாரில் தொடங்கி அரியக்குடிக்கு வந்து சேர, அந்த ஒரு வாரம் போதும்.