நீலியின் கண்ணீர்



திரைப்படம் பார்த்து வீடு திரும்புவோர் முன்னாளில் அதன் முடிவைப் பற்றிப் பேசினர்; இந்நாளிலோ அதன் அடுத்த பாகத்தைப் பற்றிப் பேசுகின்றனர். 2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 ஆம் நாள் வெளிவந்த ‘லோகா’ என்னும் மலையாளப் படம் இத்தகைய பேச்சுக்குப் பெருந்தீனி அளித்தது. டொமினிக் அருண் இயக்க, துல்கர் சல்மானின் நிறுவனம் தயாரித்த அப்படத்தின் பெயரோடு ‘முதல் அத்தியாயம்: சந்திரா’ என்பதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் அத்தியாயம் என்றாலே இரண்டாவது உண்டு என்பது பெறப்படும் அல்லவா? எங்கள் வஹகோட்டைப் பகுதி மாணவரும் அதனைத் தமிழ் மொழிமாற்றத்திற் பார்த்துவிட்டு, பாடசாலை இடைவேளையில் ஓயாது வாதிடுகின்றனர். முகம் காட்டாத மூத்தோன் யாவன்? சாத்தானின் வலிமை பெரிதா, சந்திராவின் வலிமை பெரிதா? சாத்தானாக டொவினோ தாமஸ் வருவதே அடுத்த பாகம் என்று 2025 செப்டெம்பரில் அறிவித்தது முதல் வாதம் இன்னும் சூடேறியுள்ளது.

இவ்வாதத்தை நான் வீண்பொழுது என்று கருதவில்லை. முன்னே காட்டப்பட்ட சிறு குறிப்பைக் கொண்டு பின்னே வருவதை ஊகிப்பதும், ஒருவன் சொன்னதை மற்றவன் சான்று காட்டி மறுப்பதும் நல்ல பயிற்சிகளே. ஆயினும் ஒரு குறை உண்டு. அடுத்து யார் வருவார் என்று கேட்கும் பிள்ளைகள், இதோ வந்திருப்பவள் யார் என்று கேட்பதில்லை.

பெங்களூரில் இரவு வேலை பார்க்கும் சந்திரா என்ற அந்த யுவதி வேறு யாருமல்லள், கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு இன்றைய தமிழ்நாட்டில் நாகர்கோவிலை அடுத்துள்ளது. அவள் கதையோ இன்னும் வடக்கே, திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வேரூன்றியது. கணவனாற் கொலையுண்ட பெண் பேயாகி, மறுபிறவியில் வணிகனாய் வந்த அவனைப் பின்தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, “என்னைக் கைவிட்டாரே!” என்று ஊர்ச்சபையின் முன் அழுகிறாள். அவன் அஞ்சி நடுங்குகிறான். வேளாளர் எழுபதின்மரோ, “உன் உயிருக்கு எம் உயிர் பிணை” என்று உறுதி கூறி அவளோடு இருக்கச் செய்கின்றனர். விடியுமுன் அவன் மாண்டான். சொன்ன சொல் தவறாது அவ்வெழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இவ்வரலாற்றைச் சுட்டுவதால் இதன் பழைமை விளங்கும்.

கையில் குழந்தையோடு இரவில் வழிமறிக்கும் பெண்ணை எங்கள் சிங்கள அயலவர் மோகினி என்பர். “இக்குழந்தையைச் சற்றுப் பிடியுங்கள்” என்று அவள் கேட்பாளாம். எது எதனின்று பிறந்ததென்று சொல்ல நான் துணியேன். ஆயினும் பழையனூர்க் கதையைக் கேட்ட எவருக்கும் அவள் புதியவளாகத் தோன்றாள்.

இக்கதையிலே தீர்ப்பு எவர் பக்கம்? ஊர் நினைவு எழுபதின்மரின் வாய்மையைப் போற்றியது, அது தகும். ஆனால் நம் மொழி நீலிக்கு விட்டுவைத்தது ‘நீலிக்கண்ணீர்’ என்ற ஒரு சொல்லைத்தான். அவள் சபையில் வடித்தது பொய்க்கண்ணீர் என்றே கொள்வோம். முற்பிறவியில் அவளைக் கொன்றது பொய்யா? கொலையுண்டவள் வஞ்சகத்துக்கு உவமையானாள். கொன்றவன் பெயரால் ஒரு பழமொழியும் எழவில்லை. என் பாடசாலையில் அழுகின்ற சிறுமியை நோக்கி எவரேனும் அச்சொல்லை வீசினால் நான் கண்டிப்பதற்குக் காரணம் இதுவே.

அவளை மீட்டெடுக்க முயன்ற முதல் முயற்சி ‘லோகா’ அன்று. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியைப் பாருங்கள். பழையனூர் நீலியே முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்த வந்து, அவரிடம் அறங்கேட்டுத் தெளிந்து, நாடெங்குஞ் சென்று பிற சமயவாதிகளை வாதில் வெல்லுகிறாள். பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நூல் அது. ஒரு கதையின் தலைவிக்கு இன்னொரு கதையின் தலைவி விடையளிக்கும் இவ்வமைப்பை இக்காலத்துத் தொடர்ப்படங்களே கண்டுபிடித்தன என்று எண்ணுவோர் சற்று நிதானிக்க வேண்டும்!

படமோ மூன்றாவதொரு வழியிற் செல்கிறது. அங்கே நீலி கணவனாற் கொலையுண்டவளல்லள். மன்னனின் கொடுமையால் உற்றாரை இழந்த மலைக்குடிச் சிறுமி. கடமற்றத்துக் கத்தனார் என்னும் கிறிஸ்தவக் குருவானவர் அவளுடைய ஆற்றலை நல்வழிப்படுத்துகிறார். கேரளத்துப் பழங்கதைகளில் பேயை அடக்குபவர் அவர். படத்திலே அவளுக்கு ஆசிரியர். அம்மாற்றம் எனக்கு உவப்பானதே. ஆனால், கணவன் செய்த கொலை மறைந்ததும் சபையின் முன் நிகழ்ந்த வழக்கும் உடன் மறைந்துவிட்டது. பழையனூர்க் கதையின் உயிர் அங்கேதான் இருந்தது.

இனிச் சாத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டிச்சாத்தான் 1984 இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்திலே குழந்தைகளின் தோழனாக வந்தவன். வடகேரளத்துத் தெய்யத்தில் அவன் கதை வேறு. வேடர்குலத் தொடர்புடைய அவன் நம்பூதிரி இல்லத்தில் வளர்ந்து, அடங்காமையால் 390 துண்டுகளாக வெட்டப்பட்டு, துண்டுக்கொரு சாத்தானாய் எழுந்தான் என்பர். இதனை நான் சொன்னதும் பத்தாம் வகுப்பு மாணவர் இரு கட்சியாயினர். வெட்டியவர் யார் என்பதை அடுத்த பாகம் காட்டும் என்கிறது ஒரு கட்சி. 390 பேரும் சேர்ந்து செய்யும் சண்டையை மட்டுமே காட்டும் என்கிறது மற்றது.