துணை மருத்துவப் பயிற்சியும் தீவக மாணவர்களும்

வேலணையில் ஒருவர் திடீரென நோயுற்றால் பண்ணைப் பாலத்தினூடாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் தரைவழியே கொண்டு செல்லலாம். புங்குடுதீவு மக்களுக்கும் தாம்போதி வழியே அவ்வசதி உண்டு. ஆனால் குறிகட்டுவான் இறங்குதுறையோடு வீதி முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகையே நம்ப வேண்டும். நெடுந்தீவிலிருந்து கரையை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். அந்த ஒரு மணி நேரத்தில் நோயாளியின் அருகில் இருப்பவர் என்ன அறிந்திருக்கின்றார் என்பதிலேயே பல வேளைகளில் உயிர் தங்கியுள்ளது.

துணை மருத்துவ சேவை என்பது ஒரே தொழிலைக் குறிப்பதன்று. அம்புலன்ஸில் வந்து முதற்சிகிச்சை அளிக்கும் அவசர மருத்துவ தொழினுட்பவியலாளர், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூட தொழினுட்பவியலாளர், கதிர்ப்படப்பிடிப்பாளர், இயன்மருத்துவர் எனப் பலரும் இதில் அடங்குவர். தாதியர் சேவை தனியானதாயினும் அதற்கான ஆயத்தமும் பெரிதும் இத்தகையதே.

1990 என்ற இலக்கத்தினால் அறியப்படும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை, இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நிகழ்வுடன் அது வட மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் அதற்கென ஒரு மன்றமும் அமைக்கப்பட்டது. இச்சேவையின் முதற் பணியாளர்கள் ஹைதராபாத்தில் பயிற்சி பெற்றனர். வாகனங்கள் நன்கொடையாகக் கிடைக்கலாம். அவற்றில் ஏறிப் பணியாற்றும் இளைஞரையும் யுவதியரையும் நமது ஊர்களே உருவாக்க வேண்டும்.

இப்பயிற்சிகளுக்கு வழமையாகக் கோரப்படும் தகைமைகளை நோக்குவோம். க.பொ.த. சாதாரண தரத்தில் ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றில் திறமைச் சித்தியும் ஆங்கிலத்தில் குறைந்தது சாதாரண சித்தியும் எதிர்பார்க்கப்படும். உயர்தரத்தில் பெரும்பாலான நெறிகள் விஞ்ஞானப் பிரிவினரையே நாடுகின்றன. வயதெல்லையும் உடற்தகுதியும் உண்டு. சாதாரண தரப் பாடங்களை எத்தனை தடவைகளில் சித்தியெய்தியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனையாகும். ஒவ்வொரு பதவிக்குமான இறுதி நிபந்தனை அதற்குரிய வர்த்தமானி அறிவித்தலில் உள்ளதேயாகும். ஆகவே பிறர் சொல்வதை நம்பியிராது அறிவித்தலையே வாசித்தல் அவசியம்.

பட்டப்படிப்பை விரும்புவோருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய கற்கைநெறிகள் உள்ளன. இங்கு இசட் புள்ளியே வாயிலைத் திறக்கும். மாவட்ட ஒதுக்கீட்டில் தீவக மாணவரும் யாழ். நகர மாணவரும் ஒரே மாவட்டத்தினராகவே கணிக்கப்படுகின்றனர். தனியார் வகுப்புகள் நிறைந்த நகரத்துப் பிள்ளையுடனேயே, பேருந்தையும் படகையும் பார்த்திருக்கும் தீவகத்துப் பிள்ளை போட்டியிட வேண்டியுள்ளது.

நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே: தகைமை என்பது விண்ணப்பப் படிவம் நிரப்பும் நாளில் தேடிக்கொள்வதன்று. அது தரம் 9, 10 வகுப்புகளிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. கணிதத்தைக் கடினமென ஒதுக்கிய மாணவிக்கும், விஞ்ஞான ஆசிரியர் இல்லாமையால் வேறு பிரிவுக்குச் சென்ற மாணவனுக்கும் ஐந்து ஆண்டுகளின் பின்னர் வெளிவரும் வர்த்தமானி பயனற்ற கடதாசியாகிவிடும். அப்போது வருந்துவதில் பயனில்லை.

ஆங்கிலமும் அத்தகையதே. மருந்தின் பெயரும் ஆய்வறிக்கையும் உபகரணக் குறிப்பும் ஆங்கிலத்திலேயே உள்ளன. நாளொன்றுக்கு அரை மணி நேரத்தை ஆங்கிலத்துக்கென ஒதுக்கும் மாணவர், பயிற்சியின் முதலாம் ஆண்டில் தடுமாற மாட்டார். சிங்களத்தில் உரையாடப் பழகுவதும் நன்மை தரும். பாடசாலையில் முதலுதவிப் பயிற்சி கிடைக்குமாயின் அதனைத் தவறவிடலாகாது. இரத்தத்தையும் காயத்தையும் கண்டு கலங்காத மனம் தமக்கு உண்டா என்பதை அங்கேயே அறிந்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் அவசியமாகும். பெருந்தொகைக் கட்டணம் பெற்றுச் சான்றிதழ் வழங்கும் தனியார் நிறுவனங்கள் பல உள்ளன. பணம் செலுத்துமுன் அந்நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்றதா, கற்கைநெறி தேசிய தொழிற்தகைமை மட்டத்துக்கு உட்பட்டதா என விசாரித்தல் வேண்டும். சட்டப்படி பதிவு தேவைப்படும் தொழில்களில், அச்சான்றிதழை இலங்கை மருத்துவச் சபை ஏற்குமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பணம் ஏற்கப்படாத சான்றிதழுக்காகச் செலவாகிவிடக் கூடாது.

பெண் பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்துப் படிப்பிக்கத் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் தயங்குவதை நாம் அறிவோம். அத்தயக்கம் அன்பினால் எழுவது. எனினும் நமது தாய்மாரும் சகோதரியரும் நோயுற்ற வேளையில், அவர்களின் மொழியையும் கூச்சத்தையும் புரிந்துகொள்ளும் ஒரு பெண் அருகில் இருக்க வேண்டுமென விரும்புவோரும் நாமே. அந்தப் பெண் யாரோ ஒருவரின் மகளாகத்தான் இருக்க முடியும்.

வேலணை மத்திய கல்லூரி போன்றதொரு பாடசாலையில் ஆண்டுக்கொரு முறை வழிகாட்டற் கருத்தரங்கு நடைபெற்று, தரம் 9 மாணவரும் பெற்றோரும் அழைக்கப்பட்டால் பெரும் பயன் விளையும். ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தத்தம் அறிவித்தற் பலகைகளில் வர்த்தமானி விபரங்களை ஒட்டலாம். இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. படகு கரையை அடையும்வரை ஓர் உயிரைக் காத்து வரக்கூடியவர் இன்று நமது வகுப்பறை ஒன்றில் கணிதப் பாடத்தோடு போராடிக் கொண்டிருக்கலாம். அவரைக் கைவிடாதிருப்பது நம் அனைவரதும் கடமையாகும்.