துப்பாக்கிக்கு இரண்டு பூட்டு

துப்பாக்கி வாங்குகிறவருக்குத் தம் தேசத்து லைசென்ஸ் மட்டும் போதாது; விற்கும் தேசமும் இசைய வேண்டும்.

2023 அக்டோபரில் அமெரிக்க வர்த்தக இலாகா, பல நாடுகளின் தனியாருக்குத் துப்பாக்கி ஏற்றுமதி செய்யப் புதிய அனுமதி வழங்குவதை நிறுத்திவைத்தது. ஆயுதங்கள் குற்றவாளிகளின் கைக்குப் போய்விடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். 2024 மே மாதத்தில் விதிகள் பின்னும் இறுகின. நான்கு வருஷம் செல்லுபடியான அனுமதி ஒரு வருஷமாகக் குறுகிற்று. 36 நாடுகளின் தனியாருக்குக் கதவு அநேகமாக அடைபட்டது. அவர்களுக்கு முன்பு அளித்த அனுமதிகளும் ரத்தாயின. 2025 செப்டம்பரில், அடுத்து வந்த சர்க்கார் அவ்விதிகளையே நீக்கிவிட்டது.

குற்றத்தைத் தடுக்கும் நோக்கம் நல்லதே. ஆயினும், நேர்மையான இறக்குமதி வியாபாரியின் கதி என்ன? அந்நியச் சரக்கை நம்பினவர் அந்நியத் தேர்தலின் முடிவையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான்!