கடலின் குளிரும் அலைச்சறுக்கு உடையும்



அறுகம் குடாவில் அலைச்சறுக்கு விளையாடும் இளைஞர்களை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். இடையில் ஒரு காற்சட்டை, கையில் ஒரு பலகை. வேறொன்றும் அவர்களுக்கு வேண்டியதில்லை. நமது கிழக்குக் கரையின் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருப்பதே காரணம். நம்மவர் பலர் குடியேறியிருக்கும் இங்கிலாந்தின் கடல் அத்தகையதன்று.

என்னிடம் பயின்று இப்பொழுது அந்நாட்டில் வாழும் ஒருவர் அண்மையில் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். மே மாத இடைத்தவணை விடுமுறையில் மகனைக் கோர்ன்வால் கரைக்கு அழைத்துச் சென்றாராம். நல்ல வெயில். வெற்சூட் எனப்படும் இறப்பர் உடையொன்றைப் புதிதாக வாங்கிப் பையனுக்கு அணிவித்திருந்தார். அப்படியிருந்தும் பத்து நிமிடத்தில் உதடு நீலம்பாரிக்கப் பிள்ளை கரையேறிவிட்டான். உடை பழுதானதோ என்பது அவருடைய ஐயம். உடையிற் பழுதில்லை. பிழைகள் இரண்டு, இரண்டும் நம்மவர்க்கு இயல்பானவை.

முதலாவது, வானத்தைப் பார்த்துக் கடலை மதிப்பிட்டமை. நீர் மெல்லவே சூடேறும், மெல்லவே ஆறும். ஆகவே கடலின் பருவம் நிலத்தின் பருவத்துக்குப் பிந்தி வருகிறது. கோர்ன்வாலிற் கடல் மிகவும் குளிர்ந்திருப்பது பெப்ரவரி, மார்ச் மாதங்களில். அப்போது 9 அல்லது 10 பாகை. மே மாதத்திலும் அது 12 பாகையளவிலேயே நிற்கும். ஓகஸ்ட், செப்ரெம்பரிலேதான் 16, 17 பாகையை எட்டும். இவ்விதி எங்கும் ஒரேபடியானதுமன்று. சான்பிரான்சிஸ்கோ கரையில் வசந்தகாலக் காற்று மேல்நீரை அப்பால் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. அங்கே வசந்தத்திலேதான் கடல் மிகக் குளிரும்.

இரண்டாவது பிழையை விளக்க, உடையின் வரலாற்றைச் சிறிது கூறவேண்டும். 1951ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவிலே ஹியூ பிராட்னர் என்னும் பௌதிகவியல் அறிஞர், அமெரிக்கக் கடற்படைச் சுழியோடிகளின் குளிரைப் போக்க வழிதேடினார். உடல் நனையாதிருக்க வேண்டும் என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். நனைந்தால் என்ன என்று கேட்டார் பிராட்னர். நியோபிரீன் என்னும் செயற்கை இறப்பரில் நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்துள்ளன. அக்குமிழிகளே வெப்பத்தை வெளியேறவிடாது தடுப்பவை. உடைக்கும் தோலுக்கும் இடையே புகும் சிறிதளவு நீரை உடலே சூடாக்கிக்கொள்ளும். அந்நீர் அங்கேயே தங்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

என் மாணவர் செய்தது யாது? "வளர்கிற பிள்ளை, அடுத்த ஆண்டுக்கும் உதவும்" என்று ஓரளவு பெரிதாக வாங்கியிருக்கிறார்! பள்ளிச் சீருடையை அவ்வாறு தைக்கும்படி பெற்றோர்க்குச் சொல்லிவந்தவன் நானே. ஆதலால் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாயில்லை. ஆனால் தளர்ந்த உடையில் ஒவ்வோர் அலைக்கும் சூடான நீர் வெளியேறக் குளிர்நீர் உட்புகும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்வது. கழுத்து, அக்குள், இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் தொய்வின்றித் தோல்போல் ஒட்டியிருப்பதே சரியான உடை. மூச்சுவிடவும் கையைச் சுழற்றவும் இடமிருந்தாற் போதும்.

தடிப்பை இரண்டு எண்களால் குறிப்பர். 4/3 என்றால் மார்புப் பகுதியில் 4 மில்லிமீற்றர், கைகால்களில் 3 மில்லிமீற்றர். கோர்ன்வாலின் கோடை முடிவில் 3/2 போதும். மே மாதத்திற்கு 4/3 வேண்டும். மாரியிலோ 5/4 உடையோடு தலைமூடி, கையுறை, காலணி யாவும் வேண்டும். தையல்களையும் பாருங்கள், ஒட்டித் தைத்தவை நீரை எளிதில் விடா. பழைய உடையிற் குமிழிகள் நசுங்கிப்போவதால், எண் அதுவேயாயினும் சூடு குறையும்.

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சன்று. 15 பாகைக்குக் குறைந்த நீரில் திடீரென வீழ்ந்தவர் தம்மையறியாமல் மூச்சை உள்ளிழுப்பர். அக்கணம் வாய் நீருக்குள் இருப்பின் நன்றாக நீந்துபவரும் மூழ்கலாம். அவ்வதிர்ச்சி ஓரிரு நிமிடத்தில் தணியும். அதுவரை நீந்த முயலாது மல்லாந்து மிதப்பதே உயிர்காக்கும் வழி.

அவருக்கு நான் எழுதிய மறுமொழி இதுதான்: வளரும் பிள்ளைக்கு உடை வாங்கவேண்டாம், கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கும், அளவு பார்த்து எடுங்கள். மே விடுமுறையை விட்டு ஒக்ரோபர் இடைத்தவணை விடுமுறையிற் செல்லுங்கள். காற்றுக் குளிராக இருப்பினும் நீர் அப்போது 14, 15 பாகையில் இருக்கும். அந்த வாரத்தில் உயிர்காப்பாளர் காவல் எந்தக் கரையில் உண்டென்பதை மட்டும் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.