சித்திரை விசுவும் முற்றத்து மத்தாப்பும்

1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் சித்திரை முதல் நாளில் கனி காணும் வழக்கம் இரு பக்கமும் தொடர்கிறது. அக்கம்பக்கத்தில் அதே நாளோ மறுநாளோ விசு. கேரளத்துப் பள்ளிகள் மார்ச் இறுதியில் அடைத்து ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கும். ஆகவே விசுவுக்கு வீடு நிறையப் பிள்ளைகள். வெடிக்குப் பேர்போனது மலபார் விசு. தெற்கே தீபாவளிக்குத்தான் அது அதிகம். ஆனாலும் விடுமுறைப் பிள்ளைகள் கேட்டால் மத்தாப்பாவது வாங்காமல் முடியுமா?

வெடி ஆபத்து என்றதும் நமக்கு நினைவு வருவது 2016 ஏப்ரல் 10 அதிகாலையில் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நடந்த விபத்து. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப்பின் கோயில் வெடிக்கட்டுகள் கடுமையாகக் கண்காணிக்கப்படுகின்றன. வீட்டு முற்றத்தைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? நாம்தான்.

'குழந்தைக்கு வெடி வேண்டாம், கம்பி மத்தாப்பு கொடு' என்பது நம் வழக்கம். அந்தக் கம்பியில் பூசியிருப்பது அலுமினியத் தூள், இரும்புத் தூள், எரியத் துணைசெய்யும் உப்பு, இவற்றை ஒட்டவைக்கும் பசை. பறக்கும் பொறி மிகச் சிறிய இரும்புத் துகள். காற்றிலேயே சீக்கிரம் ஆறிவிடும். கையில் பட்டாலும் பெரும்பாலும் சுருக்கென்று விட்டுவிடும். அதனால்தான் மத்தாப்பு சாதுவானது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் எரியும் முனையின் வெப்பம் 1000 டிகிரி செல்சியசைத் தாண்டும். வெளிச்சம் அணைந்த பிறகும் கம்பி வெகுநேரம் சுடும். சிவப்பு மாறிக் கறுத்துப் போனதால் ஆறிவிட்டது என்று பிள்ளை தொடும், வெறுங்காலால் மிதிக்கும்.

எங்கள் பாட்டி முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் தீப்பெட்டியை எடுப்பாங்க. "மக்களே, வெளிச்சந்தான் போச்சு, சூடு போகல்ல கேட்டியா" என்று சொல்லி, எரிந்த கம்பி ஒவ்வொன்றையும் அதில் போடச் செய்வாங்க. அறிவியல் சொல்வதும் இதுவேதான்.

இன்னும் சில: வைக்கோல் படப்பு, ஓலைப்புரை, காய்ந்த சருகு ஆகியவற்றின் பக்கம் கொளுத்தக் கூடாது, சித்திரை வெயிலில் எல்லாம் நெருப்புக்குக் காத்திருக்கும். பாலியெஸ்டர் பாவாடை உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடையே நல்லது. வெடிக்காத வெடியை எட்டிப் பார்க்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி எழுப்பும் வெடிகளை உச்ச நீதிமன்றம் 2005-இல் தடைசெய்தது. ஆகவே விடியுமுன் கனி கண்ட கையோடு வெடி போடுவது சரியன்று. ரயிலில் பட்டாசு கொண்டுபோவதும் குற்றம். ஊரிலிருந்து திரும்பும்போது மிச்சத்தைப் பையில் திணிக்க வேண்டாம்.

சுட்டுவிட்டால் மை, பற்பசை, நெய் எதுவும் தடவாதீர்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். கண்ணில் பட்டால் கசக்காமல், அழுத்தாமல் உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு மத்தாப்பு வாங்கிக் கொடுக்கட்டும். கூடவே அந்த ஒரு வாளித் தண்ணீரையும் மறக்காமல் வைக்கட்டும்.